பொம்மைப் படம் பார்க்க வயது வரம்பு உண்டா?

வாசகர் கேள்வி–பதில் பகுதிக்கு நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் சில, வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு வயதினர் எழுதியவையாக இருந்தாலும், கார்ட்டூனும், அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களும் குழந்தைகளுக்கு மட்டுமே உரியவையா என்ற ஒரே ஐயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே அளிக்கிறோம்.

கேள்வி: நான் இந்து நகரில் இயங்கிவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகனுக்கு 28 வயது. கோவையில் உள்ள நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கிறான். வேலை முடிந்ததும் இரவு நெடுநேரம் ஜப்பானியப் பொம்மைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் ஒருவர், அவன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கண்டு, “பையனுக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லையா?” என்று கேட்டுவிட்டார். அன்று முதல் என் மனைவிக்குப் பெரிய மனக்குறை. இவை குழந்தைகளுக்கானவை அல்லவா? — வாசகர், உதகமண்டலம்

பதில்: அல்ல. பலர் அவ்வாறு எண்ணுகிறார்கள் என்பதைத் தவிர, அந்த எண்ணத்துக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஓவியத்தை அசையச் செய்வது கதை சொல்லும் முறைகளுள் ஒன்று. அந்தக் கதை யாருக்கு உரியது என்பதைக் கதைதான் தீர்மானிக்கிறது. மனிதர்கள் நடித்த படம் என்பதாலேயே ஒரு படத்தை இன்ன வயதினர்தான் பார்க்க வேண்டும் என்று நாம் முடிவு செய்வதில்லை. வரைந்த படத்துக்கும் அதே நியாயத்தை வழங்க வேண்டும்.

நீங்கள் ஃபிலிமோடு வாழ்ந்தவர். திரையில் ஒரு நொடி ஓடுவதற்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வேண்டும் என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேமராவின் முன் நடிகர் ஒருவர் நடந்தால் அந்த 24 சட்டங்களும் தாமாகவே பதிவாகிவிடும். கையால் வரையும் படத்திலோ, ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தி வைத்தாலும், ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள் தேவைப்படும். 1908இல் பிரான்ஸ் நாட்டு ஓவியர் எமில் கோல் இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு படத்துக்கு ஏறத்தாழ 700 ஓவியங்களை வரைந்தார். அந்த உழைப்பு குழந்தைகளை மகிழ்விப்பதற்காகத் தொடங்கியது அன்று. அரங்குக்கு வந்த பொதுமக்கள் அனைவருக்காகவும் தொடங்கியது.

தொடக்க காலப் படங்களில் ஒன்றை உங்கள் மனைவியிடம் நீங்கள் எடுத்துச் சொல்லலாம். 1915ஆம் ஆண்டில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியதில் லூசிட்டானியா என்னும் பயணியர் கப்பல் மூழ்கி, ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். கப்பல் மூழ்கியதை எந்தக் கேமராவும் பதிவு செய்திருக்கவில்லை. அமெரிக்க ஓவியர் வின்ஸர் மெக்கே, தப்பியவர்கள் கூறியவற்றையும் செய்திகளையும் கொண்டு அந்தக் காட்சியை வரைந்து, 1918இல் படமாக வெளியிட்டார். கடலில் அமிழும் தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க முயலும் காட்சி அந்தப் படத்தின் முடிவில் வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, போரின் கொடுமையைப் பெரியவர்களுக்கு உணர்த்துவதற்கு வரைந்த படம் பயன்பட்டிருக்கிறது.

நம்மவர்களுக்கும் இது புதியதன்று. தோற்பாவைக் கூத்தில் விளக்கொளி பட்ட திரையின் பின்னால் தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய உருவங்கள் அசைந்து இராமாயணத்தை நடத்திக் காட்டின. ஊர் முழுவதும் இரவெல்லாம் விழித்திருந்து அதைப் பார்த்தது. அதைச் சிறுவர் விளையாட்டு என்று எவரும் ஒதுக்கவில்லை. அதே போன்று உருவங்களை வெட்டி அசைத்துத்தான் ஜெர்மானியப் பெண் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926இல் இளவரசர் அக்மதுவின் கதையை முழுநீளப் படமாக எடுத்தார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களுள் அதுவே மிகப் பழையது. பாரதியார் ‘இந்தியா’ இதழில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டபோதும் அவர் மனத்தில் கொண்டிருந்த வாசகர்கள் நாட்டு நிலைமையைப் புரிந்துகொள்ளக்கூடிய பெரியவர்களே.

பிறகு, கார்ட்டூன் குழந்தைகளுக்கு மட்டுமே என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது? தொலைக்காட்சியால்தான் என்பது என் கருத்து. அமெரிக்காவிலேயே 1960இல் ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடர் இரவு நேரத்தில், குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து பார்க்கும் வேளையில், ஒளிபரப்பாயிற்று. தொடக்கத்தில் அதற்கு விளம்பரம் அளித்தது ஒரு சிகரெட் நிறுவனம். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில்தான் அங்குள்ள தொலைக்காட்சி நிறுவனங்கள் கார்ட்டூன்களைச் சனிக்கிழமைக் காலைக்கு நகர்த்தி, விளையாட்டுப் பொருள்களையும் இனிப்புத் தின்பண்டங்களையும் விற்பதற்கு உரியவையாக அவற்றை மாற்றின. நம் நாட்டில் 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. தமிழில் 2007இல் சுட்டி டிவி வந்தது. இரண்டும் சிறுவர்களுக்கானவை. பெரியவர்களுக்கு எடுக்கப்பட்ட அனிமேஷன் பெரும்பாலும் நம் வீட்டுக்கு வரவில்லை. வராத ஒன்றை உலகத்திலேயே இல்லாத ஒன்று என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே மங்கா எனப்படும் சித்திரக்கதை இதழ்கள் பள்ளிச் சிறுவர்களுக்கு, சிறுமியருக்கு, இளைஞர்களுக்கு, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு எனத் தனித்தனியே வெளிவருகின்றன. 1963இல் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடராக வந்த காலத்திலிருந்து, அந்த இதழ்களில் வந்த கதைகள் பலவும் அனிமேயாக மாறின. ஆகவே வாசகர்களின் வயதுப் பிரிவும் கூடவே வந்தது. 1988இல் வெளிவந்த ‘அகிரா’வோ, 1997இல் சதோஷி கோன் இயக்கிய ‘பெர்ஃபெக்ட் புளூ’வோ சிறுவர்கள் பார்க்கத் தகுந்த படங்களே அல்ல. பின்னது, புகழ் தேடும் இளம் பாடகி ஒருத்தி நடிகையாக மாறும்போது, தான் யார் என்பதிலேயே ஐயம் கொண்டு சிதைவதைக் காட்டும் படம். உங்கள் மகன் பார்ப்பவற்றில் எத்தனை இத்தகையவை என்பதை அவனிடம் கேட்டால்தான் தெரியும்.

தமிழ்நாட்டிலும் பெரியவர்கள் சித்திரக்கதைகளை விரும்பும் பழக்கம் முற்றிலும் இல்லாமல் இருந்ததில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவியைத் தேடித் தேடி வாங்கிய சிறுவர்கள் இன்று உங்கள் வயதையொட்டி இருப்பார்கள். அவர்களில் பலர் சிவகாசியிலிருந்து வரும் சித்திரக்கதைகளை இன்றளவும் சந்தா கட்டி வாங்குகிறார்கள். வங்கியிலும் நீதிமன்றத்திலும் பொறுப்பான பணி செய்துகொண்டே வாங்குகிறார்கள். கடந்த 2025ஆம் ஆண்டில் ‘மகாவதார் நரசிம்மா’ என்ற அனிமேஷன் படத்துக்கு நம் மாநிலத் திரையரங்குகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் சென்றதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

உங்கள் மகன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறானா, வேலையில் தவறுகிறானா, வீட்டாரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டானா என்று கேட்பது பெற்றோரின் கடமை. கிரிக்கெட் பார்ப்பவனிடமும் அதையேதான் கேட்க வேண்டும். அவற்றில் குறையில்லை என்றால் நீங்கள் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. அவனிடம், “உனக்கு மிகவும் பிடித்த ஒன்றை எங்களுக்குக் காட்டு” என்று கேளுங்கள். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். ஒரு பிள்ளையின் இரசனையைத் தெரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. பெண் வீட்டாரிடமும் அதை மறைக்க வேண்டாம். வரப்போகும் மருமகளுக்கும் அதே இரசனை இருக்கக்கூடும், இல்லாவிட்டாலும் அது அவள் அறிந்திருக்க வேண்டிய செய்திதான்.

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாகச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் நாட்களில், ஏழு வயது மகனைக் கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்து மாமியாரின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவேன். கார்ட்டூன்தானே என்று நானும் மாமியாரும் கவனிக்கவில்லை. சில நாட்களாக இரவில் அலறி எழுகிறான். பிறகு பார்த்தால், கத்தியால் வெட்டி இரத்தம் தெறிக்கும் ஜப்பானியத் தொடர் ஒன்றைத் தமிழிலேயே பார்த்திருக்கிறான். கார்ட்டூனை நம்பியது தவறா? — வாசகி, கோத்தகிரி

பதில்: முந்தைய கடிதத்தை எழுதிய தந்தையும் நீங்களும் ஒரே எண்ணத்தால் துன்பப்பட்டிருக்கிறீர்கள். கார்ட்டூன் குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் அவருக்கு மகனைப் பற்றிய வீண் கவலையைத் தந்தது. உங்களிடமோ கவலைப்பட வேண்டிய இடத்தில் கவலையை எடுத்துவிட்டது. இரண்டில் இதுவே பெரிய தீங்கு. பெரியவர் ஒருவர் நல்ல படத்தைப் பார்க்காமல் போவதால் நேரும் இழப்பு அவரோடு முடிந்துவிடும். பெரியவர்களுக்கு எடுத்த படத்தின் முன் ஏழு வயதுக் குழந்தை தனியே அமர்ந்திருப்பதை நாம் அப்படி விட்டுவிட முடியாது.

தோற்றத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது என்பதற்கு, உங்கள் மகனுக்கு நன்கு அறிமுகமான இரண்டு தொடர்களையே எடுத்துக்கொள்ளலாம். டோரேமான் 1969இல் ஜப்பானில் பள்ளி வகுப்புவாரியாக வெளிவந்த சிறுவர் இதழ்களுக்காகவே வரையப்பட்டது. குழந்தைகளுக்கென்றே பிறந்த கதை அது. ஷின்-சான் அப்படியன்று. 1990இல் யோஷிடோ உசூய் அதை எழுதத் தொடங்கியது வயதுவந்த ஆண்கள் படிக்கும் வார இதழில். ஐந்து வயதுச் சிறுவன் பெரியவர்களின் பேச்சைத் திருப்பிப் பேசி அவர்களைத் திணறடிப்பதையும், வீட்டுக் கடனும் அலுவலகமும் அழுத்தும் பெற்றோரின் பாட்டையும் கண்டு, அதே பாட்டை அனுபவிப்பவர்கள் சிரிப்பதற்காக எழுதப்பட்டது. நம் நாட்டில் அது சிறுவர் அலைவரிசையில் ஒளிபரப்பானதால், 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதை நிறுத்தச் செய்தது. வெட்டித் திருத்திய பிறகே மீண்டும் வந்தது. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரியான வட்ட முகங்களும் அடர்ந்த வண்ணங்களுமாகத்தான் தெரியும்.

நீங்கள் குறிப்பிடும் தொடர் எது என்பது கடிதத்தில் இல்லை. ‘டீமன் ஸ்லேயர்’ போன்ற ஒன்றாக இருக்கலாம். அதன் முதல் பகுதியிலேயே நாயகனின் குடும்பத்தை அரக்கன் கொன்றுவிடுகிறான். அந்தக் கதையின் தொடர்ச்சியாக 2025இல் தமிழிலும் திரைக்கு வந்த படத்துக்கு, அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோதான் வர வேண்டும் என்ற சான்று அளிக்கப்பட்டது. தமிழ்க் குரல் சேர்ப்பது நல்ல காரியமே. ஆனால் மொழி புரியாமல் பாதியில் விட்டுவிடக்கூடிய குழந்தையும், தமிழில் கேட்கும்போது கடைசிவரை உட்கார்ந்துவிடுகிறது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. இணைய வழியாகப் படம் காட்டும் தளங்கள், 2021இல் வந்த விதிகளின்படி, ஒவ்வொரு படத்துக்கும் தொடருக்கும் வயதுக் குறியீட்டைக் காட்ட வேண்டும். ‘யூ’ என்றால் அனைவரும் பார்க்கலாம்; ‘யூ/ஏ 7+’, ‘யூ/ஏ 13+’, ‘யூ/ஏ 16+’ என்றால் அந்தந்த வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டும்; ‘ஏ’ வயது வந்தோருக்கு மட்டும். திரையரங்குச் சான்றிதழிலும் 2024 முதல் இதே வயதுப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 13+ குறியீடும் அதற்கு மேற்பட்டதும் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் வசதியையும் அந்தத் தளங்கள் அளித்தாக வேண்டும். கணக்கின் அமைப்புப் பகுதிக்குள் சென்று குழந்தைக்கெனத் தனிப் பக்கத்தைத் திறந்து, மற்றப் பக்கங்களுக்குக் கடவுஎண் இட்டுவிடுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்த வழியில்தான். தோட்டத்தில் இணையத் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்றால், முந்தைய இரவே நீங்கள் பார்த்துத் தேர்ந்த இரண்டு மூன்று படங்களைத் தரவிறக்கி வைத்துவிட்டு, மறுநாள் இணையத்தைத் துண்டித்த கைப்பேசியைக் கொடுங்கள்.

மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் எதையும் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை; நீங்கள் கொடுத்ததையே பார்த்தான். எந்தக் காட்சி கனவில் வருகிறது என்று பகல் வேளையில் மெல்லக் கேட்டு, அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘மை நெய்பர் டொட்டோரோ’வை அவனோடு சேர்ந்து பாருங்கள். தாய் மருத்துவமனையில் இருக்க, சிற்றூர் ஒன்றுக்குத் தந்தையுடன் குடிவரும் அக்காளும் தங்கையும் அங்குள்ள காட்டுத் தேவதையைச் சந்திக்கும் கதை. அதில் தீயவர் எவருமே இல்லை. மழையும் மரமும் ஈரத் தரையும் அதில் வரையப்பட்டிருக்கும் விதம், கோத்தகிரியில் வளரும் குழந்தைக்குத் தன் வீட்டுக் கொல்லையைப் போலவே தோன்றும்.

கேள்வி: எனக்கு வயது 71. பேரனோடு அமர்ந்து டாம் அண்டு ஜெரி பார்க்கிறேன். அவன் பள்ளிக்குப் போன பிறகும் பார்க்கிறேன். மருமகள் கேலி செய்கிறாள். விட்டுவிடவா? — வாசகி, குன்னூர்

பதில்: விட வேண்டாம், அம்மா. 1940இல் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அதைத் தொடங்கியது திரையரங்குகளுக்காக. முதன்மைப் படம் தொடங்கும் முன் அரங்கில் இருந்த அத்தனை வயதினரும் பார்த்துச் சிரிக்கவே எடுக்கப்பட்டது. ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. பேரன் பார்ப்பதற்கும் நீங்கள் பார்ப்பதற்கும் உரிய படம்தான்.

கேள்வி: பந்தலூர் வட்டத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடத்தையொட்டி, ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்ட விரும்பினேன். சக ஆசிரியர்கள், “இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொம்மைப் படமா? சிரித்துவிடுவார்கள்” என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? — ஆசிரியர், பந்தலூர்

பதில்: காட்டுங்கள். சிரிப்பு எழும் படமன்று அது.

1945இல் அமெரிக்க விமானங்கள் கோபே நகரின்மீது தீக்குண்டுகளைப் பொழிந்ததில் தாயை இழந்த 14 வயதுச் சிறுவனும் 4 வயதுத் தங்கையும் பசியோடு போராடி மடிவதே கதை. அகியுகி நொசாகா 1967இல் எழுதிய சிறுகதையிலிருந்து இசாவோ தகாஹதா அதைப் படமாக்கினார். நொசாகா போரின்போது தம் தங்கையை ஊட்டச்சத்துக் குறைவுக்குப் பறிகொடுத்தவர்; அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்தே கதையை எழுதினார். நான் எப்போதும் வியப்பது வேறொன்றை: 1988 ஏப்ரல் 16 அன்று இந்தப் படமும், மேலே கோத்தகிரி வாசகிக்குப் பரிந்துரைத்த டொட்டோரோவும் ஒரே நாளில், ஒரே காட்சியில், ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரட்டைப் படங்களாக வெளியிடப்பட்டன. இரண்டையும் எடுத்தது ஜிப்லி என்ற ஒரே நிறுவனம். நான்கு வயதுச் சிறுமி இரண்டிலும் இருக்கிறாள். ஒன்றை ஏழு வயதுக் குழந்தைக்குத் தயங்காமல் காட்டலாம். மற்றொன்றைக் காட்டவே கூடாது. வரைந்த படம் அனைத்தையும் ஒரே கூடையில் போடுவோருக்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காட்ட முடியாது.

இத்தகைய கதையை மனிதர்களை நடிக்க வைத்து எடுக்காமல் வரைந்து எடுப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்டால், அதற்கும் விடை உண்டு. உண்மையான நான்கு வயதுக் குழந்தையைப் பட்டினியால் மெலிந்தவளாகக் காட்டினால், பார்ப்பவரின் மனம் அந்தச் சிறு நடிகையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடும். ஓவியத்தில் அந்தக் குறுக்கீடு இல்லை. கதையின் சிறுமி மட்டுமே நம் முன் நிற்கிறாள். 2021இல் வெளிவந்த ‘ஃப்ளீ’ என்ற ஆவணப்படம் இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த ஒருவர், தம் முகத்தையும் பெயரையும் வெளியிட விரும்பாமல் வாழ்க்கையைச் சொல்கிறார். அனிமேஷன் அவரது முகத்தை மறைத்து, அவரது குரலை மட்டும் காப்பாற்றித் தருகிறது. ஆவணப்படம், அனிமேஷன், அயல்நாட்டுப் படம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் அது ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஈரானில் வளர்ந்த தம் இளமையை மார்ஜான் சத்ரபி கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையாக வரைந்து, பிறகு 2007இல் ‘பெர்செபோலிஸ்’ என்ற படமாகவும் ஆக்கினார். அது கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசைப் பெற்றது.

உங்கள் மாணவர்கள் சிரிப்பார்கள் என்பதை நான் நம்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடலூரிலும் பந்தலூரிலும் ஏராளமாகக் குடியமர்ந்தன. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பை விட்டுக் கப்பலேறி, அறியாத மலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியதைத் தங்கள் பாட்டியின் வாயால் கேட்டவர்கள் அந்த வகுப்பில் இருப்பார்கள். வீடிழந்து நிற்கும் இரண்டு குழந்தைகளை அவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆனால் சில முன்னேற்பாடுகள் தேவை. முதலில் நீங்கள் தனியாக முழுவதும் பார்த்துவிடுங்கள். குழந்தையின் மரணம் படத்தில் வருகிறது என்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உடன்பிறந்தாரை அண்மையில் இழந்த மாணவர் எவரேனும் இருந்தால், பார்க்காமலிருக்கும் உரிமையை அவருக்கு மற்றவர் அறியாதபடி கொடுங்கள். தமிழ்க் குரல் இல்லாத பிரதியாக இருந்தால், கதையின் சூழலை ஐந்து நிமிடம் தமிழில் விளக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் படம் அது. மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்துக்கு அனுப்பிவிடாமல், பேசுவதற்கு ஒரு பாட வேளையேனும் ஒதுக்குங்கள். தயங்கும் சக ஆசிரியர்களையும் அந்த அறையில் அமர்ந்து பார்க்க அழையுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அனிமேஷன் படிக்க ஆசை. அப்பா, “சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மை வரைவது ஒரு வேலையா?” என்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? — மாணவி, அருவங்காடு

பதில்: இந்தப் பக்கங்களை அவரிடம் படிக்கக் கொடுங்கள், பொம்மை வரைவது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அன்று என்பது ஓரளவு விளங்கும். அவருடைய கவலையின் மறுபாதி வருமானத்தைப் பற்றியது. அது நியாயமானது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. காட்சிகளை முன்கூட்டியே வரிசையாகத் தீட்டும் கதைப்பலகை வரைவோர், பின்னணி தீட்டுவோர், முதன்மை அசைவுகளை வரைவோர், இடைப்பட்ட அசைவுகளை நிரப்புவோர், கணினியில் உருவங்களை அசைப்பதற்கான எலும்புக்கூடும் ஒளியும் அமைப்போர் எனப் பல வேலைகள் இதில் இருக்கின்றன. திரைப்படங்களின் காட்சி நுட்ப வேலைகளுக்கும், விளையாட்டு மென்பொருள்களுக்கும், மருத்துவ விளக்கப் படங்களுக்கும் இதே திறமை தேவைப்படுகிறது. தொடக்கத்தில் ஊதியம் குறைவாகவும் வேலை நேரம் நீண்டும் இருக்கும் என்பதையும் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பெற்ற அனுமதி நீண்ட நாள் தாங்காது.

படிப்புக்குக் காத்திருக்காமலேயே பழகத் தொடங்கலாம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற ‘ஃப்ளோ’, லாட்வியா என்ற சிறு நாட்டைச் சேர்ந்த இயக்குநரின் தலைமையில், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, சிறிய குழுவினரால் உருவாக்கப்பட்டது. வெள்ளத்தில் சிக்கிய பூனையின் கதையைச் சொல்லும் அந்தப் படத்தில் ஒரு வசனமும் இல்லை. பூனை நடக்கும் விதத்தை அவர்கள் கூர்ந்து பார்த்ததே அந்தப் படத்தின் வலிமை. நீங்களும் பாருங்கள்: தலையில் கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கும் பெண் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள், தேயிலைக்குள் மேயும் காட்டெருமை தலையைத் தூக்கும்போது கழுத்துத் தசை எப்படி நகர்கிறது என்று கண்டு, நாள்தோறும் வரையுங்கள். மாணவர் சேர்க்கைத் தேர்வுகளில் திறமையைக் காட்ட உதவுவது அந்தப் பயிற்சிதான்.

தமிழ்நாட்டில், சென்னை தரமணியில் உள்ள அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனும் காட்சி நுட்பமும் இளநிலைப் பட்டப் படிப்பாக இருக்கின்றன. அரசு நிறுவனம் என்பது உங்கள் தந்தைக்கு நம்பிக்கை அளிக்கும். தனியார் பயிற்சி மையங்களில் பெருந்தொகை கட்டும் முன் இதையே முதலில் முயன்று பாருங்கள். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் இதற்கான படிப்பு உண்டு. அங்கே நுழைவுத் தேர்வில் வரையும் திறமையைச் சோதிப்பார்கள், அதற்கான விண்ணப்பமும் பொதுத்தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். எனவே மதிப்பெண் வரும்வரை காத்திராமல், இரண்டு நிறுவனங்களின் சேர்க்கை அறிவிப்பையும் இப்போதிருந்தே கவனித்து வாருங்கள்.